ஆடி மௌனம்

அத்தியாயம் பதினொன்று

ஆடி முதல் தேதி காலையில் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

ஜானகிராமன். வயது ஐம்பத்து நாலு. மூடிக் கிடக்கும் மில்லின் தறிக்காரர். வலது காது போய்விட்டது, இடது காது போய்க்கொண்டிருக்கிறது.

ராஜாம்பாள். அவருடைய மனைவி. இன்று மத்தியானத்திலிருந்து ஆடி முடியும்வரை வாய் திறக்கப் போவதில்லை.

ஜெயம். மகள். தட்டாஞ்சாவடி பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. லீவு போட வேண்டியதாகிவிட்ட கோபத்தைப் பாத்திரங்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கிரி. மகன். சுவரில், மாலையோடு.

இவர்களைத் தவிர, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. தென்னைமரத்தில் கட்டிய நாலு குழாயில் ஒன்று இவர்கள் வீட்டு ஓட்டுக்கூரையைத்தான் குறிபார்த்துக்கொண்டிருந்தது. விடியுமுன் ஆரம்பித்த பாட்டு இன்னும் ஓயவில்லை. அதையும் வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கிரி போனபின் வரும் இரண்டாவது ஆடி இது. மில் ஸ்ட்ரைக்கில் அப்பன் பின்கேட் வழியாக வேலைக்குப் போனதும், மகன் முன்கேட்டில் கொடி பிடித்து நின்றதும், ஊர் பார்க்க அப்பன் அவனை அறைந்ததும், அன்று ராத்திரியே அவன் வீட்டைவிட்டுப் போனதும் பழைய கதை. பதினைந்து நாள் கழித்து பிள்ளைச்சாவடிக் கரையில் ஓர் உடம்பு ஒதுங்கியது. முகம் இல்லை. மீன் விட்டுவைக்கவில்லை. சட்டை மட்டும் இருந்தது.

அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் ஜானகிராமன், "எம் மவன்" என்றார். மில்லில் தீபாவளிக்குக் கொடுத்த துணி அது. அவர் தறியில் ஒரு கோளாறு உண்டு. அங்கங்கே குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்று விட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத் தெரியும். ராஜாம்பாள் உடம்பின் பாதத்தைப் பார்த்துவிட்டு, "இது என் புள்ள இல்ல" என்றாள். "என் தறித் துணி எனக்குத் தெரியாதா?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. எரித்தார்கள். காரியம் செய்தார்கள். மில்லும் அதே மாசம் மூடியது.

"யம்மா, நீ பாட்டுக்குக் கண்ணை மூடிக்கினு உக்காந்துடுவ" என்றாள் ஜெயம். "ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்குப் படையல் யாரு போடறது? நான் வெக்கற கொழம்பை உசுரோட இருக்கறவங்களே திங்க மாட்டேங்கறாங்க."

"போடாட்டிப் போவுது" என்றாள் ராஜாம்பாள்.

"போவுதா? பெத்தவ பேசற பேச்சா இது?"

ஜானகிராமனுக்குக் காதில் விழவில்லை. மகளின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நான் போடறேன். வடையும் நானே சுடறேன்" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே குரல் அதுதான்.

"நீ சுட்டா காக்கா ஊரைவிட்டே போயிடும்ப்பா."

ராஜாம்பாள் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த இரைச்சல் ஆவல ஜெயம். மைக்கைச் சொல்லல" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, அடுக்களை மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

பங்குனி மாசத்திலிருந்து இந்த உட்காருதல். தவளக்குப்பத்தில் மணியம்மாள் என்று ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி, தென்னந்தோப்புக்குள் மௌன வீடு நடத்துகிறாள். வெள்ளிக்கிழமை தோறும் ராஜாம்பாள் அங்கே போய் வந்தாள். இன்றிலிருந்து ஆடி முழுக்க அங்கேயே ஓர் அறையில், வெளியே பூட்டிய கதவுக்குள் இருக்கப் போகிறாள். மணியம்மாள் சொல்லிக்கொடுக்கும் தியானத்தில் மந்திரம் கிடையாது. மனசில் எது இரைகிறதோ அதை உதட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். குரல் கூடாது. உதட்டைத் தாண்டிப் போனது திரும்பி வராது. எல்லாம் போனபின் மிச்சம் இருப்பதோடு உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான்.

இரைச்சல் பற்றி ஜானகிராமனுக்கு வேறு அபிப்பிராயம். முப்பது வருஷம் தறிக்கூடத்தில் நின்றவர். நூற்றுக்கணக்கான தறி ஒரே நேரத்தில் அடிக்கும்போது உள்ளே ஒரு சொல்லும் எழும்பாது. கை தன் வேலையைப் பார்க்கும், கண் குறுக்கே ஓடும் நாடாக்கட்டையைப் பார்க்கும், மனசு சும்மா கிடக்கும். அதற்குத் தியானம் என்று யாரும் பேர் வைக்கவில்லை, கூலி என்று வைத்தார்கள். மில் மூடிய பிறகுதான் காதுக்குள் விசில் ஆரம்பித்தது. ஊர் அடங்க அடங்க அது ஏறும். அமைதியைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பயமாக இருந்தது.

தறிக்கூடம் கற்றுக்கொடுத்த இன்னொன்று, உதடு பார்ப்பது. அங்கே கத்தினாலும் கேட்காது. வாயை அசைத்தால் எதிர்த் தறிக்காரன் புரிந்துகொள்வான். பாதியை உதடு சொல்லும், மீதியைப் பழக்கம் சொல்லும். அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. உன்னைப் பார்த்துப் பேசாத உதட்டை நீ பார்க்கக்கூடாது. பார்த்தால் அடி விழும்.

அதனால் பங்குனியிலிருந்து அவர் மனைவியின் முகத்தைத் தியான நேரத்தில் பார்த்ததில்லை. அவளும் உள் அறையில் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள். இன்றைக்கு உள் அறையில் துணிமணி பரப்பிக் கிடந்தது. அடுக்களையில் தோட்டத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தோட்டத்தில் அவர் பந்தக்காலில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

கண்ணாடியில் அவள் உதடு தெரிந்தது.

"சட்டை பத்துச்சாடா பக்கிரி?"

செத்த பிள்ளையோடு பேசுகிறாள். எந்தத் தாய்தான் பேசாமல் இருப்பாள்? அவரே பேசுவார். கண்ணைத் திருப்பப் போனார்.

"குத்புதீன் அளவு சொன்னப்ப நான் நம்பல. அவ்ளோ வளந்துட்டியா?"

பிளேடு கன்னத்திலேயே நின்றது.

"அப்பாகிட்ட சொல்லல. சத்தியமா சொல்லல. அவருக்கு நீ செத்தவனாவே இரு. எனக்கு உசுரோட இரு."

பிறகு உதடு நின்றது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, குளித்துவிட்டு வந்த குழந்தை முகம்போல ஆயிற்று. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. இப்படி ஒரு அமைதியை அந்த முகத்தில் அவர் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. அது அவருக்குச் செய்தியைவிட அதிகமாக வலித்தது.

பாதி சவரத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"யப்பா, பூட்டு வாங்கியாரணும், மறந்துட்டியா?" ஜெயம் அவர் எதிரில் வந்து வாயைத் திறந்து திறந்து சொன்னாள். "அந்த டீச்சர், பூட்டு வீட்டுலேர்ந்து வரணும்னுச்சாம். நம்மகிட்ட இருக்கறது வாசலுக்கே பத்தல. இன்னா இது, ரத்தம்?"

"பிளேடு மொக்கை" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

குத்புதீன் தையல்கடை இரண்டு தெரு தள்ளி. இருபது வருஷச் சிநேகம். மில் ஆட்களின் சட்டை முக்கால்வாசி அவன் மெஷினில் ஏறி இறங்கியதுதான்.

"வாங்க ஜானகிண்ணே. ஒரு பக்கம் தாடி, ஒரு பக்கம் மொழுக்குன்னு, இன்னா ஸ்டைலு இது?"

"ஒரு சட்டை அளவு வேணும்."

"உங்களுக்குத்தானே? நில்லுங்க." கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தான்.

"எனக்கில்ல. பக்கிரிக்கு."

டேப் கையில் நின்றது. குத்புதீன் திரும்பி மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தான். ஊசிக்கடியில் துணி இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. ஏதோ சொல்கிறான் என்பது தோள் அசைவில் தெரிந்தது.

ஜானகிராமனிடம் பொய் சொல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கடன்காரன், கட்சிக்காரன், சொந்தத் தங்கை, எல்லாரும் செய்திருக்கிறார்கள். குத்புதீன் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

அவர் மெஷினைச் சுற்றிப் போய் எதிரில் நின்றார். "என்னைப் பாத்துச் சொல்லு."

மிதிப்பது நின்றது. "இன்னாத்தச் சொல்றது?"

"தீபாவளித் துணியில எத்தனை சட்டை தெச்ச?"

"பாதி மில்லுக்கு நான்தாண்ணே தெச்சேன்."

"அதுல என் தறியில ஓடினது?"

"துணியில தறிக்காரன் பேரு எழுதியா இருக்கும்? பீஸைக் கிழிச்சிக் கிழிச்சிக் குடுத்தாங்க, அவங்கவங்க எடுத்தாந்தாங்க. வேலை தேடி வந்த எவனோ வெளியூர்ப் பையனுக்குக்கூட ஒருத்தர் தன் துணியைக் குடுத்து தெச்சிக்கடான்னு அனுப்பினாரு. எங்கெங்க போச்சோ?"

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கற நெலமையிலயா இருந்தீங்க? பெத்தவ சொன்னதையே கேக்கலியே!"

ஜானகிராமன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்க இருக்கான்?"

"அதை மட்டும் கேக்காதீங்க. சத்தியம் வாங்கிட்டான். நாகூர் கந்தூரிக்குப் போனேன்ல, கூட்டத்துல அவனேதான் வந்து கையைப் புடிச்சான். நான் அலறிட்டேன். அம்மாவுக்கு மட்டும் சொல்லுன்னான். அவங்க தெச்சுக் குடுக்கச் சொன்ன சட்டையை அனுப்பிவெச்சேன்."

"எனக்கு?"

குத்புதீன் மறுபடியும் முகத்தைத் திருப்பப் பார்த்தான். திருப்பவில்லை.

"வேணாம்னான்."

உலகத்தில் எந்த அப்பனும் ஏங்கிக் கேட்கும் செய்தி இது. பிள்ளை உயிரோடு இருக்கிறான். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓட வேண்டும். அதன் மேல் இந்த ஒரு சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது, கீழே இருப்பது அசையவில்லை.

குத்புதீனுக்கு வேறு கொடுக்க எதுவும் இல்லை. இருப்பதைக் கொடுத்தான். டேப்பை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னான்: "தோளு ரெண்டு விரக்கடை கூடியிருக்குண்ணே. கை நீளம் அதேதான். கழுத்து தடிச்சிருக்கு. மூட்டை தூக்கறான்போல."

ஜானகிராமன் தன் தோளில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். எவ்வளவு என்று தெரிந்துகொண்டார். எழுந்து போய், முக்குக் கடையில் ஒரு பூட்டு வாங்கினார்.

கடலூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஆடிக் கூட்டம். கண்டக்டர் விசில், கோழிக்கூடை, யார் மடியிலோ பாடும் டேப்ரெக்கார்டர். ராஜாம்பாள் துணிப்பையை அணைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தலைக்கு மேல் நின்றார்.

கேட்க வேண்டும். மத்தியானத்துக்குள் கேட்க வேண்டும். கதவு சாத்தினால் ஆடி முடியும்வரை அந்த வாயிலிருந்து ஒரு சொல் வராது. அதற்குள் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டால்? ஆனால் எப்படிக் கேட்பது? அவர் ரகசியம் பேசினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்தில் ஜெயம் வேறு. அண்ணன் காரியத்தன்று மூர்ச்சையாகி விழுந்தவள்.

"அந்த டீச்சர் வீட்டுல பேயி கீயி உண்டாம்மா?" என்றாள் ஜெயம்.

"எல்லாரும் வாயை மூடிக்கினு இருந்தா பேய்க்குப் போரடிச்சுப் போயிடும்."

"ஒரு மாசம் கழிச்சி வெளிய வந்து மொத வார்த்தை இன்னா பேசுவ?"

ராஜாம்பாள் யோசித்தாள். "தெரியல. வராமயே போனாலும் பரவால்ல."

"பாருப்பா! அம்மா நம்மளை விட்டுட்டு நிம்மதியா இருக்கப் போவுதாம்." ஜெயம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் இறங்கி, சந்தைக்குப் பின்னால் நடந்தால் தோப்பு. நடுவில் பழைய ஓட்டு வீடு. வரிசையாக ஐந்து அறை, அறைக்கு ஒரு கதவு, கதவில் சோற்றுத் தட்டு நுழைய ஒரு பொந்து. இரண்டு கதவில் ஏற்கெனவே பூட்டுத் தொங்கியது. ஒன்றில் பித்தளைப் பூட்டு, ஒன்றில் சைக்கிள் பூட்டு.

மணியம்மாள் குச்சிபோல இருந்தாள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். யாராவது உரக்கப் பேசினால் இன்னும் "சிலான்ஸ்!" என்று விரலைத் தூக்குவாள். ஜானகிராமன் "வணக்கம் டீச்சர்" என்றதற்கே தூக்கினாள்.

"இவருக்குக் காது கேக்காதும்மா" என்றாள் ஜெயம்.

"குடுத்துவெச்சவரு" என்றாள் மணியம்மாள். "இங்க பாரு பொண்ணே. பூட்டறது சொந்தக்காரங்கதான் பூட்டணும். நான் பூட்டினா அது ஜெயிலு. சாவி உங்ககிட்ட இருக்கும். எப்ப வேணா வந்து தொறக்கலாம். தொறந்தா மௌனம் முடிஞ்சுது. ஏன்னு கேக்க மாட்டேன்."

"தீ கீ புடிச்சிக்கிச்சின்னா?"

"பின்ஜன்னல் கம்பி கழண்டுதான் இருக்கு. ஒல்லியா இருக்கறவங்க பூந்து வந்துடலாம். அதனாலதான் இங்க சோறு கம்மியாப் போடறது."

ஜெயத்துக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மணியம்மாள் ராஜாம்பாளையும் ஜானகிராமனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கன்னத்துப் பிளேடுக் காயத்தைப் பார்த்தாள். "பேச வேண்டியது ஏதாச்சும் பாக்கி இருந்தா கெணத்தடில பேசிட்டு வாங்க. அதை எடுத்துக்கினு உள்ள போனா, நீ உக்கார மாட்ட, அதுதான் உக்காந்திருக்கும்."

கிணற்றடியில் துவைகல் ஒன்று கிடந்தது. ராஜாம்பாள் அதில் பையை வைத்தாள். ஜானகிராமன் அவள் தோளைத் தட்டித் தன் வாயைக் காட்டினார். தறிக்கூடத்துச் சைகை.

அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் ஒரே அறை வீடு. மாமியாரும் கொழுந்தனும் எட்டும் தூரத்தில் படுத்திருக்க, விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு அவர்கள் பேசியதெல்லாம் இப்படித்தான். அப்போது நிறையச் சிரித்திருக்கிறார்கள், சத்தமில்லாமல்.

"தோளு ரெண்டு விரக்கடை கூடியிருக்காமே" என்றார், குரல் இல்லாமல்.

ராஜாம்பாள் முகம் வெளுத்தது. "குத்புதீன் சொன்னானா?"

"நீதான் சொன்ன. காலைல. கண்ணாடியில பாத்தேன்."

"என் உதட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்படிப் பாக்கறவனை மூஞ்சில குத்துவாங்கன்னு சொல்லுவீங்களே."

"குத்து."

அவள் குத்தவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பங்குனியிலேர்ந்து உனக்குத் தெரியும்" என்றார். "ஒவ்வொரு அமாவாசைக்கும் காக்காவுக்குச் சோறு வெச்சேன். பக்கிரி பக்கிரின்னு கத்தினேன். பாத்துக்கினு நின்ன."

"அதைப் பாக்க முடியாமதான் இங்க வந்தேன். உசுரோட இருக்கற புள்ளைக்குப் படையல்! நீங்க ஒவ்வொரு உருண்டை வெக்கறப்பவும் அவன் ஆயுசு கொறையுதுன்னு எனக்கு வயித்துல நெருப்பு. வாயைத் தொறந்து சொல்லவும் முடியல. எதைத் தின்னாலும் அதே சொல்லு தொண்டையில நிக்குது. இந்தம்மாகிட்ட உக்காந்தாதான் அரை நாழி அடங்குது."

"என்கிட்ட சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"சொன்னா போவீங்க. போயி அவன் எதுர்ல நின்னு ஊரு கேக்கக் கத்துவீங்க. அங்கேர்ந்தும் ஓடிடுவான். அப்புறம் எனக்கும் இல்ல."

"ஒரு அறைக்கு இவ்ளோ வெறுப்பா?"

"அறைக்கு இல்ல. எரிச்சதுக்கு." அவள் உதடு மிகத் தெளிவாக அசைந்தது, பாடம் நடத்துவதுபோல. "அப்பா என்னைத் தேடினாரான்னு குத்புதீனைக் கேட்டானாம். அவனுக்குப் பொய் சொல்ல வராது. எரிச்சிட்டாருன்னு சொல்லிட்டான். பக்கிரி சிரிச்சானாம்."

தோப்பில் காற்று. அவர் காதுக்குள் விசில்.

"பதினஞ்சு நாளு நீங்க எங்கயும் தேடல. பஸ் ஸ்டாண்டுக்குப் போகல, விழுப்புரம் ஸ்டேஷன்ல போயி நிக்கல. ஒரு சட்டை கெடைச்சுது, போதும்னு ஆயிடுச்சு. எம் மவன் என்னைக் காறித் துப்பிட்டு ஓடிட்டான்னு ஊர்ல சொல்றதைவிட செத்துட்டான்னு சொல்றது உங்களுக்கு லேசா இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பின்கட்டில், அந்த விட்டுப்போன இழையில் கட்டைவிரல் பட்டபோது முதலில் வந்தது அழுகை இல்லை. 'அப்பாடா' என்று ஒன்று வந்தது. ஒரு நொடிதான். அழுகை அதற்குப் பின்னால் வந்தது. அந்த ஒரு நொடியை அவர் யாருக்கும் சொன்னதில்லை, தனக்கே சொன்னதில்லை. இவள் எப்படியோ பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு இத்தனை நாள் சோறு போட்டிருக்கிறாள்.

கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. எங்கே இருக்கிறான்? சாவி அவர் சட்டைப்பையில். பூட்ட மாட்டேன் என்று சொன்னால் போதும்; மௌனம் ஆரம்பிக்காது. இவளை வீட்டுக்கு இழுத்துப் போகலாம். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சொல்லத்தான் வேண்டும். முப்பது வருஷம் அப்படித்தான் குடித்தனம் நடத்தினார்.

ராஜாம்பாள் அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"அவன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு உள்ள அடங்குது" என்றாள். "அதையும் புடுங்கிக்காதீங்க."

ஜானகிராமன் பையிலிருந்து பூட்டை எடுத்தார்.

"படையல் வெக்க மாட்டேன்."

"போட்டோ?"

"எறக்கிடறேன்."

"ஜெயம் கேப்பா."

"கேக்கட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். நன்றி மாதிரி எதுவும் இல்லை அதில். கணக்கு சரி என்பதுபோலத்தான் இருந்தது. துணிப்பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள். மூன்றாவது அறை. உள்ளே ஒரு பாய், ஒரு பானை. படி ஏறுமுன் மகளின் கன்னத்தை ஒரு தடவை வழித்தாள். "அரிசி மூட்டைல வேப்பிலை போட்டு வெச்சிருக்கேன், எடுத்துடாத" என்றாள். குரலோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

பாயில் போய் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இனி உதடு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நரைத்த கொண்டையும், இறங்கி அடங்கும் தோளும்.

மணியம்மாள் கண்ணைக் காட்டினாள்.

அவர் கதவை இழுத்துச் சாத்தினார். நாதாங்கியைப் போடும்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

ஜெயம் தூணோரம் நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கிணற்றடி நேர் எதிரில். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருந்திருக்கிறாள். அவள் தறிக்காரன் மகள். அந்த ஒரே அறை வீட்டில் தவழ்ந்தவள். அப்பாவும் அம்மாவும் குரலோடு பேசியது புரியுமுன்னே குரலில்லாமல் பேசியது புரிந்தவள். அதை இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

முகத்தில் அழுகை இல்லை, சிரிப்பு இல்லை. கண் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது. உள்ளே இருப்பவளுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அப்படின்னா நாம எரிச்சது யாரைப்பா?"

ஜானகிராமன் கதவுப் பக்கம் திரும்பினார். பூட்டை நாதாங்கியில் மாட்டினார். சாவியைத் திருப்பினார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.